பொட்டில்லாத படம்

முரசுமோட்டைக் கோகுலன் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன். பழைய கமரா ஒன்றை அகச்சிவப்பு ஒளி மட்டும் பதியும்படி மாற்றுவித்தான். பச்சை வயல் பாலாய் வெளுத்து வந்தது. ஆனால் எல்லாமே மங்கல். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கு ஃபோகஸ் வேறிடத்தில் விழும் என்று பிடிபடவே ஒரு போக நெல் விளைந்து முடிந்துவிட்டது. அதற்குள் ஊர் மாடுகளே கமராவோடு அவனைக் கண்டால் விலகிப் போகப் பழகிவிட்டன.

கடைசியில் கமராவை ஸ்டாண்டில் பூட்டி, திரையில் பெருப்பித்துப் பார்த்து ஃபோகஸ் பிடித்தான். வயல் வரம்பால் வந்த பத்மாசனி அக்காவை நிற்கச் சொன்னான். அரக்குச் சேலை, பெரிய குங்குமப் பொட்டு. காணாமற்போன கணவர் வருவார் என்று பதினாறு வருடமாக அவர் அழிக்காத பொட்டு.

படம் கத்திபோலக் கூராய் வந்தது. பெரிதாக அச்சடித்து, வாயெல்லாம் பல்லாகக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

“இதென்னடா தம்பி, எனக்கு வெள்ளைச் சீலை உடுத்திவிட்டிருக்கிறாய்? பொட்டு எங்கை?”

“அந்த ஒளியில சிவப்பு வெளுத்திடும் அக்கா. ஃபோகஸைப் பாருங்கோ, கண்மயிர்கூடத் தெரியுது!”

“ஓம், தெரியுது. அவர் வந்து இதைப் பாத்தா என்ன நினைப்பார்?”

படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா குசினிக்குள் போனார்.

பிறகு, கலரில் எடுத்துத் தருகிறேன் என்று கோகுலன் மூன்று தரம் போய்க் கேட்டான். மூன்று தரமும் அக்கா தேத்தண்ணீர் கொடுத்தார். படத்துக்கு மட்டும் நிற்கவில்லை.