அடி வாங்கிய சறுக்கு

ரோசெந்தா அயவிரே இதுவரை நானூறு கோடிக் கற்களை உருட்டியிருக்கிறாள். ஒன்றையும் கையால் தொட்டதில்லை. சிலி நாட்டில், கலாமா ஊருக்கு மேலே மலையில் உள்ள செம்புச் சுரங்க அலுவலகத்தில், கணினித் திரைக்குள் தாதுக்கற்களை விழவைப்பது அவள் வேலை. சுவரில் மோதினால் எவ்வளவு துள்ள வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும், ஈரமாயிருந்தால் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கல்லுக்கும் சொல்லிவைப்பாள். கற்கள் கேட்கும். அவள் தம்பிமார் மூவரும் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்டதில்லை.

நான்காம் எண் சறுக்குதான் அவள் மானத்தை வாங்கியது. பெல்ட்டிலிருந்து தாது இறங்கும் இரும்புச் சறுக்கு அது. திரையில் தாது தண்ணீராய் ஓடும். நேரில் ஷிப்டுக்கு இரண்டு முறை அடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் அவள் பிரிவையே மூடிவிட்டு, தலைநகர் சாந்தியாகோவிலிருந்து ஆளைக் கூப்பிடப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சறுக்கடிக்கே போனாள். அங்கே தோன் நிகானோர் இருந்தார்; 'தோன்' என்பது பெரியவர்களுக்கு அந்த ஊர் மரியாதை. அடைத்தால் வெளியிலிருந்து சம்மட்டியால் ஓங்கிப் போட்டுத் தாதுவை இறக்குபவர். பத்தொன்பது வருஷ அனுபவம்.

"வாம்மா மகளே! உன் டிவியில கல்லு ஜம்முனு எறங்குதாமே? அந்த டிவியையே இங்க மாட்டிடேன்."

"எங்க அடிப்பீங்க, தோன் நிகானோர்?"

"எங்க அடைக்குதோ அங்க."

"எங்க அடைக்கும்?"

"எப்பவும் அடிக்கிற எடத்துலதான்" என்றவர், தான் சொன்னது தனக்கே பிடிக்காமல் சம்மட்டியை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

பெல்ட்டை நிறுத்திப் பூட்டுப் போட்டபின் ரோசெந்தா உள்ளே இறங்கித் தடவிப் பார்த்தாள். வெளியே விழுந்த ஒவ்வோர் அடியும் உள்ளே ஒரு புடைப்பு. அவளுடைய திரைச்சுவரோ கண்ணாடி போல வழவழப்பு. சமையற்கூடத்தில் எம்பனாதா என்ற பூரணப் பலகாரத்துக்குப் பிசைந்த மாவு மூன்று கிலோ வாங்கிவந்து, தகட்டில் அப்பி அச்செடுத்து, அச்சு கலையாதிருக்கச் சமையற்கூட அடுப்பிலேயே சுட்டாள். பதினான்கு அச்சுகளில் ஒன்றை இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் தேநீரோடு தின்றுவிட்டதால், இடது ஓரம் மட்டும் அறிக்கையில் குத்துமதிப்பு.

வியாழன் மாலை அளந்த புடைப்புகளைத் திரைச்சுவரில் ஏற்றினாள். கற்கள் அடைத்தன, நேரில் அடைக்கும் அதே இடத்தில். அடைப்பைப் பார்த்து அந்தச் சுரங்கத்தில் மகிழ்ந்த ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் மேலாளர் படத்தைப் பார்த்தார். "சரி, காரணம் என்ன? யாரு?"

கதவருகே நின்ற தோன் நிகானோர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தகடு" என்றாள் ரோசெந்தா. "பழசாயிடுச்சு, மாத்தணும். மாத்தினப்புறம் யாரும் அதைத் தட்டக் கூடாது. தட்டவிடாம பாத்துக்க அனுபவசாலி ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும்."

மேலாளர் கையெழுத்துப் போட்டார்; அவள் பிரிவும் பிழைத்தது.

வெளியே வந்ததும் தோன் நிகானோர் அவளைத் தடுத்து நிறுத்தினார். "அடிக்காம நிக்கிறதுக்கா எனக்குச் சம்பளம்?"

"ஆமா."

"அது ரொம்பக் கஷ்டமான வேலையாச்சே மகளே."

புதுத் தகடு மூன்று வருஷமாக வழவழப்பாகவே இருக்கிறது. தோன் நிகானோர் இரண்டு முறை விடுப்பு எடுத்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் 'உடல் களைப்பு' என்று எழுதியிருக்கிறார்.