முப்பதுக்கு நான்கு குறைவு

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதுவும் சிலோனில். கப்பலேறி இந்தப் பக்கம் வந்த பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. நடுவட்டம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பேர் பதிந்தோம். அம்மாவும் நானும் கொழுந்து எடுத்தோம்.

தங்கச்சி இங்கே வந்து பிறந்தவள். அவள் படித்தாள். எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தாள். வந்த பிறகும் விடவில்லை. தபாலில் எம்.எட். முடித்தாள். அதற்கு மேலே டாக்டர் பட்டம் என்று ஒன்று இருப்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரி கோயம்புத்தூர்ப் பக்கம். வாய் நீளம்.

"ஏனுங்க டாக்டரம்மா, முட்டி ரெண்டு நாளா மடங்க மாட்டேங்குது. ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க."

"இது ஊசி போடுற டாக்டர் இல்லீங்கக்கா. பாடம் சொல்லிக் குடுக்குறதப் பத்தின டாக்டர்."

"அப்ப என் முட்டிக்குப் பாடம் சொல்லிக் குடுங்க. சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

தங்கச்சி சிரித்துக்கொண்டே போவாள். அவளுக்கு அப்போது எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும்.

சேர்வதற்கே ஏகப்பட்ட விதி. எம்.எட்.டில் இவ்வளவு மார்க் வேண்டும். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வழிகாட்டி ஒருவர் கிடைத்து, அவர் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பதால் மேலிடத்தில் தடையில்லை என்று ஒரு கடிதம் வேண்டும். அதற்கு ஊட்டிக்கு மூன்று தடவை போனாள். கடைசியில் பதிவு ஆனது. அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினாள். எனக்குப் படிக்க வந்தது அவள் பேர் மட்டும்தான்.

விதிப் புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார்கள். மெல்லிய புத்தகம். சமைக்கும்போது எனக்கு வாசித்துக் காட்டுவாள். குறைந்தது நான்கு வருஷம். அதிகம் ஆறு. கேட்டுக்கொண்டால் இன்னும் ஒரு வருஷம். அதற்கு மேல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முடிக்கிற நேரத்தில் சுருக்கம் ஒன்று கொடுக்க வேண்டும். பெரியவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். பிறகு புத்தகம். புத்தகத்தின் முதல் பக்கத்தில், இதில் உள்ளது எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் புதிதாகப் படவில்லை. எங்கள் வேலையிலும் விதி உண்டு. இரண்டு இலை ஒரு மொட்டு. முற்றின இலை கூடையில் இருந்தால் கங்காணி தட்டிக் கொட்டிவிடுவார்.

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் பிள்ளைகளைத்தான். சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற நாற்பது பிள்ளைகள். அவர்களுக்கு வாசிப்பிலும் கணக்கிலும் பரீட்சை வைத்து மார்க் போட்டாள். இரண்டு வருஷம் கழித்து அதே பிள்ளைகளுக்கு இன்னொரு தரம். ஐந்து வருஷம் கழித்துக் கடைசித் தரம். மேலே படிக்கிறவன், நின்றுபோனவன், எல்லோருக்கும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிள்ளைக்குப் படித்ததில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று தரமும் எழுதின பிள்ளை முப்பதுக்குக் குறையக் கூடாது. அவள் ஆராய்ச்சியைப் பார்க்கிற குழு அப்படி எழுதிக் கொடுத்திருந்தது.

"பத்துப் புள்ள போனாலும் பரவாயில்லக்கா. முப்பது நிக்கும்," என்றாள்.

அப்போதுதான் தேயிலை விலை விழுந்தது.

முதலில் வாரத்தில் நான்கு நாள் வேலை என்றார்கள். பிறகு மூன்று. பிறகு ஃபேக்டரியில் புகை வரவில்லை. கொழுந்து முற்றி, செடி ஆள் உயரம் வளர்ந்தது. அதை வேலையில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டம். லயத்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. எல்லோரும் திருப்பூருக்குப் போனார்கள். பனியன் கம்பெனி. பிள்ளைகளும் கூடவே போனார்கள்.

தங்கச்சி நோட்டில் பேர் பேராக எழுதி வைத்திருந்தாள். வீடு பூட்டினால் அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. கடைசித் தரம் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை தோறும் அலைந்தாள். காந்தல், கூடலூர், ஜெகதளா என்று போய் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பிடித்துவிட்டாள். ஆறு வருஷம் முடிந்து, கேட்டு வாங்கின ஏழாவது வருஷமும் பாதி போயிருந்தது. இன்னும் எட்டுப் பேர் வேண்டும். அவள் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திதான் டீச்சர். லீவு கிடைக்கவில்லை.

"நான் போறேன்," என்றேன். எனக்குத்தான் வேலை இல்லையே.

என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு கதை, கீழே கேள்விகள். பத்துக் கணக்கு. நாற்பது நிமிஷம். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசக் கூடாது. நான் எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

"எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லிக் குடுக்க," என்றேன்.

"பெத்தவங்க சொல்லிக் குடுப்பாங்க. நீ விடாத."

கைக்கடிகாரத்தைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டாள்.

திருப்பூரில் எங்கள் ஆட்கள் ஒரே தெருவில் இருந்தார்கள். தகரக் கூரை. வெயில். நான் போன ஞாயிற்றுக்கிழமை நான்கு பிள்ளைகள் கிடைத்தார்கள். விதிப்படி எழுத வைத்தேன். ஒருத்தியின் அப்பா எட்டிப் பார்த்து விடை சொல்ல வந்தார். வெளியே போகச் சொன்னேன். போனார்.

மற்றவர்களுக்கு ஓவர்டைம். திங்கள், செவ்வாய் காத்திருந்தேன். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருகிறார்கள். வந்ததும் விழுந்து தூங்குகிறார்கள். அவர்களில் ஒரு பையன். ஐந்தாம் வகுப்பில் அவன்தான் முதலில் வாசித்து முடிப்பான் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாள். அவனுடைய அம்மா எங்கள் லயத்தில் இருந்தவள்.

"அவன எங்கக்கா புடிப்பீங்க? அடுத்த ஞாயிறும் கம்பெனி உண்டுன்னுட்டான்."

"நான் புதன்கிழமை போயாகணும். அவ காத்துக்கிட்டு இருக்கா."

"அதுக்கு ஏன் முழிக்கிறீங்க? சின்னவ இருக்காளே. ஆறாவது படிக்கிறா. அவ எழுதட்டும், அவன் பேரப் போட்டுக்குங்க."

அதுவும் சரி என்று பட்டது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

எஸ்டேட்டில் அம்மாவுக்கு இருமல் வந்து படுத்த வருஷம், செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அவள் பேர் விழாத நாளே கிடையாது. இரண்டு கூடையும் நான்தான் எடுத்தேன். அவள் பேருக்கு ஒன்று, என் பேருக்கு ஒன்று. எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரி என் பேருக்குப் போடுவாள். கங்காணிக்குத் தெரியும். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். பேருக்குக் கொழுந்து வந்தால் போதும். அப்படி இல்லாவிட்டால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. ஒத்தாசை என்றுதான் சொல்வோம்.

அந்தப் பெண் எழுதினாள். நான் கடிகாரம் பார்த்தேன். யாரையும் பேச விடவில்லை. இன்னும் நான்கு வீட்டிலும் அப்படியே. தம்பி எழுதினான், தங்கை எழுதினாள். மொத்தம் ஒன்பது பேப்பர். ஒன்று அதிகம்.

மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். பைக்காராவில் மழை. பேப்பர் நனையாமல் சேலைக்குள் வைத்துக்கொண்டேன்.

தங்கச்சி எண்ணினாள். "முப்பத்தொண்ணு," என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பெரியவள் ஆன பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

மார்க் போட்டுவிட்டு ஒரு நாள் ஓடி வந்தாள். "அக்கா, திருப்பூர்ல அஞ்சு புள்ளைங்க எல்லாரையும் விட மேல எடுத்திருக்காங்க! போன இடத்துல கெட்டுப்போவாங்கன்னு நெனச்சேன். படிச்சிருக்காங்கக்கா!"

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நல்ல கொழுந்தாகத்தான் போட்டிருக்கிறோம் என்று நினைத்தேன்.

சுருக்கம் கொடுத்தாள். ஏற்றுக்கொண்டார்கள். பெரியவர்கள் முன்னால் நின்று பேசிவிட்டு வந்தாள். எல்லோரும் அந்த ஐந்து பேரைப் பற்றித்தான் கேட்டார்களாம். அவர்கள் மட்டும் எப்படிப் படித்தார்கள், அதை எழுதி ஒரு பகுதி சேருங்கள் என்றார்களாம். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. டைப் அடித்தது தயார். பைண்டிங்தான் பாக்கி.

நோட்டை விரித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்த அஞ்சு வீட்டப் பத்திச் சொல்லுக்கா. இந்தப் பையன் எந்த ஸ்கூல்?"

"ஸ்கூலா? கம்பெனியில கைமடிக்கு நிக்கிறான். டெய்லருக்குத் துணி எடுத்துக் குடுக்குற வேலை."

"அப்ப எப்ப படிக்கிறான்?"

"அவன் எங்க படிக்கிறான்? தங்கச்சிக்காரிதான் படிக்கிறா."

பேனா நின்றது.

"இந்தப் பேப்பர் யார் எழுதினது?"

"அவதான். பேரு அண்ணன் பேரு."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.

"வேற யாரு?" என்றாள். சொன்னேன். ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டினாள். எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

"நான் சொல்லியிருக்கணும்," என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் இருவரும் மலையிறங்கி அவள் வழிகாட்டியைப் பார்க்கப் போனோம். வழிகாட்டி அம்மா நல்லவர். எனக்கும் நாற்காலி போடச் சொன்னார். கேட்டுவிட்டு நோட்டை வாங்கிப் பேர்களை எண்ணினார்.

"அஞ்சையும் எடுத்துட்டா இருபத்தாறு. நாலு குறையுது. எண்ணிக்கையைக் குறைக்கக் குழு கூடணும்மா. கடைசித் தேதிக்கு முன்னாடி அது நடக்காது. திருப்பி எழுத வெச்சாலும் மார்க், பட்டியல், சுருக்கம் எல்லாம் மாறும். சுருக்கம் மாறினா மறுபடியும் மூணு மாசம்."

"தேதி தாண்டினா?" என்று நான் கேட்டேன்.

"பதிவு ரத்தாயிடும்மா."

எஸ்டேட்டிலும் பேர் வெட்டுவார்கள். துரை பங்களாவுக்குப் போய் வாசலில் நின்றால், இரண்டு நாள் நிற்க வைத்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பப் பதிவார்கள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நான் குனிந்து அந்த அம்மாவின் காலைத் தொட்டேன்.

"தப்பு என்னோடதுங்க. அவளுக்குத் தெரியாது. அவ பேரத் திருப்பிப் பதிஞ்சிடுங்க."

அவர் பதறி எழுந்துவிட்டார். "ஐயோ, எந்திரிங்கம்மா. என் கையில இல்லைம்மா. புதுசாச் சேரலாம். முதல்லேருந்து, நுழைவுத் தேர்வுலேருந்து."

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "அப்படியே குடுத்துட்டா என்ன? ஒன்பது பேப்பரும் இருக்கு. யாரு போய்த் திருப்பூர்ல பாக்கப் போறாங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பையன் முதல்ல வாசிச்சு முடிப்பான்க்கா. இப்ப அவனுக்கு என்ன தெரியும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தப் புத்தகம் அவன் நல்லாப் படிக்கிறான்னு சொல்லுது. அப்படிச் சொன்னா அவன யாரு தேடுவா?"

கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பதினொரு பிள்ளைகள்தான் மிச்சம். மத்தியானம் நான் சோறு கொண்டுபோனேன். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். அவளும் கூடவே சொன்னாள். நான்கு மணிக்கு மணியடித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் முட்டி வலியைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து நான் திரும்பவும் திருப்பூருக்குப் போனேன். தங்கச்சியிடம் சொல்லவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த, எழுதாத கேள்விப் பேப்பரில் ஐந்து எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வருகிற வரைக்கும் இருந்தேன். மூன்று பேர் கிடைத்தார்கள். இரண்டு குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு மீசை முளைத்திருந்தது.

"இப்ப எதுக்குப் பெரியம்மா இது?"

"எழுதுடா."

பேர் எழுதினான். கணக்கில் மூன்று போட்டான். கதையில் முதல் வரியில் விரலை வைத்தான். விரல் நகரவில்லை. நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நடுவில் ஒரு தடவை சிரித்தான்.

"கண்ணு கட்டுது பெரியம்மா. வெள்ளைத் துணியே பாத்துப் பாத்து."

நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஆனதும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து பேப்பர் கட்டை அவிழ்த்தாள். பேர் மாற்றி எழுதின ஐந்து பேப்பரையும் எடுத்துத் தனியாக வைத்தாள். அண்ணன் பேரில் தங்கை எழுதினதை மட்டும் என்னிடம் நீட்டினாள். "நல்லா எழுதியிருக்கா. அந்தப் புள்ளைகிட்டயே குடுத்துடு," என்றாள். அண்ணன் பேப்பருக்குச் சிவப்புப் பேனாவில் மார்க் போட்டாள். மற்ற இரண்டுக்கும் போட்டாள். அதனதன் இடத்தில் செருகினாள். பிறகு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நானும் மனதுக்குள் எண்ணினேன்.

"இருபத்தொன்பது," என்றாள்.

பேப்பர்களை அடுக்கிக் கயிற்றை எடுத்தாள். கயிற்றை வாங்கி நான் கட்டினேன்.