மக்காச்சோளக் காட்டில் நின்ற இயந்திரம்

மாலை நாலு பத்து. 2012 அக்டோபர். ஐதராபாத்துக்கு வெளியே மேட்சல் பக்கம் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது. காரில் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கை காலி. வரப்பில் நிற்க வைத்துவிட்டு வந்த என் ஆறு வயது மகளையும் காணோம்.

அந்த ஓட்டுநர் மீது எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். குகட்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் போய் இறங்கியதுமே மகளிடம் தெலுங்கில் பெயர் கேட்டான். ஒரு கதிரை உரித்துக் கொடுத்தான். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அவள் நிற்கும் இடத்தையே பார்த்தான். அவன் வண்டியை நிறுத்தி எங்கள் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதே கணவரிடம் சொன்னேன்.

"இந்த ஆள் பார்வையே சரியில்லங்க. பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி இருக்கான்."

"மெதுவா பேசு."

"அவனுக்கு என்ன புரியப்போகுது? பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல கடைக்காரன் எதிர்லயே நின்னு தமிழ்ல கடைக்காரனைத் திட்டுறேன்!"

கணவர் சிரித்தார். ஆபீஸ் போன் வந்ததும் ஒதுங்கிப் போனார். நான் காருக்குப் போனேன். இரண்டே நிமிடம்தான்.

ஓரங்களெல்லாம் அறுத்தாகிவிட்டது. நடுவில் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் பயிர் நின்றது. மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காய்ந்த தோகைகள் சரசரத்தன. குத்தகைக்குப் பயிரிட்ட விவசாயி, "ஏமைந்தம்மா?" என்று, என்ன ஆச்சு எனத் தெலுங்கில் கேட்டபடி ஓடி வந்தார். நீ கூட்டி வந்தவன்தான் என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அவர் மேல் பாய்ந்தேன். கணவர் போலீசுக்கு எண்களை அழுத்தினார்.

அப்போது தோகைகள் விலகின. தோளில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் வந்தார். இருவர் முகத்திலும் தோகை கிழித்த கீறல்கள். நான் அவளைப் பிடுங்கிக்கொண்டேன். ஒளிந்து விளையாடினேன் என்று விசும்பினாள். இயந்திரத்தின் கத்திகளுக்கும் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவே இரண்டே வரிசைச் செடிகள்தான் நின்றன.

இன்றும் யாரையாவது பார்த்த மாத்திரத்தில் எடைபோட வாயெடுத்தால், சேலம் ஆத்தூர்க்காரரான அந்த ஓட்டுநர் அன்று நல்ல தமிழில் சொன்னது காதில் விழுகிறது:

"வண்டிச் சத்தத்துல கூப்பிட்டாலும் கேக்காதுங்கக்கா. சின்னப் புள்ளைங்க வந்தா, எங்க நிக்குதுன்னு பாத்துக்கிட்டேதான் ஓட்டுவோம். பாத்த எடத்துல பாப்பா இல்ல. அதான் எறங்கிட்டேன்."