ஈரச் சுவரில் பஞ்சுப் பனி

1. இன்று அலுவலகத்தில் வரைபடங்கள் ஒட்ட மைதாப் பசை காய்ச்சினார்கள்.
2. அந்த வாசனையில், பெருமாள்மலையில் நான் தங்கிப் படித்த பள்ளி நினைவுக்கு வந்தது.
3. பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

மார்கழியில் தாளில் வீடு வெட்டி, கூரையில் பஞ்சை உறைபனியாக ஒட்டி, இதே பசையால் வகுப்புச் சுவரில் ஒட்டுவோம். மூடுபனி புகுந்து சுவரே நனைந்திருப்பதால் பசை காயாமல் எல்லாம் மெல்ல வழுக்கி இறங்கும். ஒரு ஞாயிறன்று எங்கள் ஊர் கூக்காலிலிருந்து அம்மா வருவதாக இருந்ததால், அவர் வரும்வரை இறங்கிவிடக் கூடாதென்று என் தாள் வீட்டைக் காலையிலிருந்து இரு கைகளாலும் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“என்னடி, சுவரு விழுந்துருமுன்னு முட்டுக் குடுக்குறியா?” என்று தோழி பாத்திமா சிரித்தாள்.

சாயங்காலம் விடுதி ஆயா வந்தார். “கூக்கா பஸ்ஸு இன்னிக்கு வரலையாம். கைய எடு தாயி, வெறச்சுப் போச்சு பாரு.”

எடுத்தேன், வீடு வழுக்கித் தரைக்கு வந்தது. அந்தப் பள்ளிக் கட்டடம் இப்போது இல்லை. அன்று அப்படி நின்றதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.