மைக்ரோவேவ் மேல் குடியிருந்த தெய்வங்கள்

யார்க்ஷயர் மலைப்பாதையில் பல வருஷம் டவுன் பஸ் ஓட்டியவள் பெவர்லி கிரீன்வுட். பனி உறைந்த ஒரு ஜனவரிக் காலையில் வண்டி ஏற்றத்தில் பின்பக்கமாக வழுக்கத் தொடங்கியபோது அவள் வாயில் ஏசு வரவில்லை. “ஏய் மலையே, பிடிச்சுக்கோ” என்றுதான் வந்தது. மலையும் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வளைவில் ஹாரன் அடித்து நன்றி சொல்லாமல் அவள் போனதில்லை. பயணிகள், எதிரே ஏதோ வண்டி வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மலைக்குப் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அயர்லாந்துக்காரியான அவள் அம்மா விட்டுப்போன மூக்குடைந்த மாதா, சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய, வைக்கிங்குகளின் இடித் தெய்வம் தோரின் சுத்தியல், கல்லில் செதுக்கிய முயல், தினமும் பஸ்ஸில் வரும் குஜராத்திக்காரி பங்கானியா அம்மாள் கொடுத்த பித்தளைப் பிள்ளையார். நடுவில், பூஜைத் தண்ணீருக்கென்று வெள்ளிப் பூச்சுப் பூசிய ஒரு கோப்பை. சமையலறையில் வேறு இடம் இல்லாததால் எல்லாருக்கும் மைக்ரோவேவ் மேல்தான் வாசம். அது ஓடும்போது எல்லாரும் லேசாக ஆடுவார்கள். பெவர்லி அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் கீத் குழாய் ரிப்பேர்காரன். கிரிக்கெட்டைத் தவிர எதிலும் நம்பிக்கை இல்லாதவன். சாப்பாட்டை உள்ளே வைத்துச் சூடாக்கும்போதெல்லாம், உன் சாமிகளுக்குக் கீழே தீ வைக்கிறேன், கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று சீண்டுவான். அவளும் சும்மா இருக்கமாட்டாள். வாய்ச்சண்டைதான் அந்த வீட்டின் அன்றாடச் சமையல்.

ஊர் பப்பின் மாடியில் மாதம் ஒருமுறை பேகன்கள் கூடுவார்கள். பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களிலும் ஆளுக்கொரு கட்சி உண்டு. பெவர்லி எல்லாவற்றிலும் தலையைக் காட்டியவள். வெள்ளை அங்கிக்காரர்கள் சூரியனுக்குச் சொன்ன கவிதை முடிவதற்குள் சூரியனே போய்விட்டது. தோரின் அப்பன் ஓடினைக் கும்பிடும் கூட்டத்தார் கொம்பில் ஊற்றிக் கொடுத்த தேன் மது அவளை வீட்டுக்குக் கைத்தாங்கலாக அனுப்பியது. துணியில்லாமல் சடங்கு செய்பவர்களிடம், யார்க்ஷயர் குளிரில் நான் எந்தத் தெய்வத்துக்கும் கழற்றமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

கூட்டத்துக்குத் தலைவி ஜில். பகலில் வங்கியில் கடன் பிரிவு, மாடிப்படி ஏறியதும் பெயர் ரேவன், அதாவது அண்டங்காக்கை. அவளுக்குப் பெவர்லியின் கலவையைக் கண்டாலே ஆகாது.

“எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு பாதை இல்ல, பெவ். பஃபே.”

“பஃபேல யாரும் பட்டினியாப் போறதில்லையே கண்ணு” என்றாள் பெவர்லி.

போன மார்ச்சில் ஒரு காலை, பூஜைக் கோப்பைக்குள் கீத்தின் பல்செட் கிடந்தது. ராத்திரி அவன் டம்ளர் உடைந்துவிட்டதாம், கைக்கு எட்டியது இதுதானாம். பெவர்லி கத்தியிருந்தால் சரியாகப் போயிருக்கும். அவள் கத்தவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள். கீத் ஜோக் அடித்துப் பார்த்தான், டீ போட்டுக் கொடுத்துப் பார்த்தான், பிள்ளையாரிடமே சமாதானத் தூது விட்டுப் பார்த்தான். அவள் மசியவில்லை. இன்னும் ரெண்டு நாள் வாடட்டும் என்று இருந்தாள். அந்த ரெண்டு நாள் அவனுக்கு இல்லை. பேப்பர் வாங்கப் போனவன் கடை வாசலில் சரிந்தான். ஆஸ்பத்திரியில் அவன் கைக்கடிகாரத்தையும் பல்செட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பையைப் பிரிக்காமல் அலமாரி இழுப்பறையில் தள்ளினாள்.

அக்டோபர் கடைசி நாள், செத்தவர்கள் வந்து போகும் நாள். அன்று ஜில்லின் கூட்டத்தார் ஊமை விருந்து வைப்பார்கள். இறந்தவருக்கு ஒரு நாற்காலி, ஒரு தட்டு. எல்லாம் தலைகீழாக நடக்கும், இனிப்பு முதலில், சூப் கடைசியில். யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் வந்தவர் எழுந்து போய்விடுவார். பந்தியில் உட்கார ஒரே ஒரு நிபந்தனை: ஜில்லின் வழியை மட்டும் பின்பற்றுவதாகச் சத்தியம் செய்யவேண்டும்.

பெவர்லி செய்தாள். மாதா, சுத்தியல், முயல், பிள்ளையார், கோப்பை எல்லாரையும் ஒரு பழைய ஷூ டப்பாவில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கீத் ஒருமுறை வந்து எதிரே உட்கார்ந்தால் போதும், சொல்ல வேண்டியதை உள்ளுக்குள்ளேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

விருந்தில் மெழுகுவத்தி வெளிச்சம். காலி நாற்காலிக்கு முன்னால் கஸ்டர்ட் ஊற்றிய ஆப்பிள் கிரம்பிளைக் கொண்டுவந்து வைத்தார்கள். புட்டிங்கை, அதாவது கடைசியில் வரும் இனிப்பை, முதலில் கொடு என்று காலமெல்லாம் நச்சரித்த மனுஷன் அவன். தர மறுத்தவள் இவள். பெவர்லி உதட்டைக் கடித்துப் பார்த்தாள். உதடு கேட்கவில்லை.

“பாத்தியா கீத், புட்டிங்தான் முதல்ல. செத்தப்புறம்தான் உனக்குக் கொடுத்து வச்சிருக்கு.”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஜில் கண்ணை உருட்டி உதட்டில் விரல் வைத்தாள்.

“இல்ல ஜில். பேசாம இருந்து நான் ஒருதரம் பாத்துட்டேன். அவன் போனதே நான் பேசாம இருந்தப்பதான். திரும்பக் கூப்பிட்டு வச்சு இன்னொரு தரம் அதையே பண்ணச் சொல்றியா?”

பெவர்லி கோட்டை மாட்டிக்கொண்டாள். ஜில் படி வரைக்கும் பின்னால் வந்தாள். அவள் முகத்தில் கோபத்தோடு இரக்கமும் இருந்தது.

“அவர் போயிருப்பாரு, பெவ்” என்றாள் தாழ்ந்த குரலில்.

“போனா போகட்டும். வீடு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும்.”

வரும் வழியில் மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்று வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஷூ டப்பாவைத் திறந்து, உள்ளே வைத்து மூடியதற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு மைக்ரோவேவ் மேல் ஏற்றினாள். மாதாவிடம் மட்டும் ரெண்டுமுறை கேட்டாள், அம்மாவுடையது என்பதால். பிறகு இழுப்பறையைத் திறந்து ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தாள். கோப்பையில் தண்ணீர் பிடித்து, பல்செட்டை அதற்குள் போட்டு, தெய்வங்களுக்கு நடுவே வைத்தாள்.

கறிப்பண்டத்தை ரெண்டாக வெட்டி எதிர் நாற்காலிக்கு முன்னால் பாதியை வைத்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“எடுத்து மாட்டிக்கோ கீத்” என்றாள். “நிறையப் பேசணும்.”