மணி நின்ற வாரம்

எங்கள் தெருமுனையில் இருந்த பழைய பேராலயம் எரிந்து விழுந்த வாரம் அது. மின்கசிவுதான் காரணம் என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னதைத் தென்னூரில் ஒருவரும் நம்பவில்லை. எங்கள் சந்தேகமெல்லாம் எதிரே இருந்த தையல்கடைக்காரர் மீதுதான். விடியற்காலை மணிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஃபாதரிடம் சண்டை போட்டவர் அவர். இப்போதோ கடையைக்கூடத் திறக்காமல் எரிந்த பேராலயத்தின் வாசலருகே வந்து வந்து நின்றார்.

பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன்.

"இங்க என்னங்க வேலை உங்களுக்கு?"

"அந்த மணி என்னாச்சுங்க?"

"கோபுரத்தோட விழுந்து உடைஞ்சு போச்சு. இப்ப நிம்மதிதானே?"

அவர் கரிந்த உத்தரங்களையே பார்த்தார்.

"நேரத்துக்கு எந்திரிக்கவே முடியலைங்க. பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் போயிடுது. இத்தனை வருஷமா திட்டிக்கிட்டே அந்த மணிக்குத்தான் எந்திரிச்சிருக்கேன்."

நடிக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது, ஞாயிறுதோறும் பேராலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பூசை காணும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன்கூட உனக்கு என்ன பேச்சு?"

சந்தேகம் நிறைந்த அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குக் கொஞ்ச நேரம் முன்புவரை அது என் முகம்.