ஓலீட்டா கைக்கு ஒரு பிடி

“துப்பாக்கியில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உன் கையிலதான்!”

டெல்மர் இப்படித்தான் வெடுக்குன்னு சொன்னான், கட்டுன பொண்டாட்டி ஓலீட்டாகிட்ட. தனியா இருக்கறப்ப சொல்லியிருந்தாலும் ஒரு தட்டு உடைஞ்சதோட போயிருக்கும். வில்டா பக்கத்துல நிக்கறப்பவா சொல்லுவான் ஒரு மனுசன்? சனிக்கிழமை தவறாம போட்டியில ஓலீட்டாவ எதுத்து நின்னு சுடறவ அந்த வில்டா. நகத்துக்கெல்லாம் பளீர்னு ஆரஞ்சு நிறத்துல சாயம் அடிச்சுக்கிட்டு, டெல்மரோட துப்பாக்கிப் பட்டறை வாசல்ல சாஞ்சு நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தா.

ஓலீட்டா கேட்டது ஒண்ணும் மலையப் பேர்க்கற வேலையில்ல. “விசை கல்லு மாதிரி இருக்குய்யா. இன்னும் கொஞ்சம் எளக்கிக் குடு”ன்னா. டெல்மருக்கு அதுல ஒரு கணக்கு உண்டு. ஒரு அளவுக்குக் கீழ விசைய எளக்கவே மாட்டான், பெத்த ஆத்தா வந்து கேட்டாலும் சரி. எளக்கினா, மனசு நெனைக்கறதுக்கு முந்தியே வெடிச்சுரும்பான். அது நியாயந்தான். அத மட்டும் சொல்லிட்டு வாய மூடியிருக்கலாம்ல?

ஓலீட்டா கைத்துப்பாக்கி காலியான்னு ஒருக்காப் பாத்தா, குண்டு போடற எடத்தத் திறந்து வச்சபடியே, பிடி அவன் பக்கம் இருக்கற மாதிரி மேசை மேல வச்சா. எவ்வளவு கோவமிருந்தாலும் அவங்க மலைநாட்டுல துப்பாக்கிய அப்படித்தான் வைப்பாங்க. அப்புறம் வில்டா பக்கம் திரும்பினா.

“போன வருசமே கேட்டியேடி, எப்ப விப்பேன்னு. இந்தச் சனிக்கிழமை போட்டி முடியட்டும், நீயே எடுத்துக்க. கை கோளாறானவளுக்குத் துப்பாக்கி எதுக்கு?”

“நெசமாவா சொல்றே?”

“நான் என்னைக்குடி பொய் சொன்னேன்?”

வில்டா போறப்ப டெல்மரப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, அது போதும் அவனுக்கு.

டெல்மர் அமெரிக்காவுல ஆர்க்கன்சா மலைக்குள்ள பைன் ஹாலோங்கற சின்ன ஊருக்காரன். வீட்டுக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட பட்டறை. சும்மா கடையில வாங்குன துப்பாக்கிய அவன்கிட்ட கொண்டாருவாங்க. ஆளுக்குத் தகுந்த பிடி செதுக்குவான், குழல் நுனியில குறி பாக்கற முள்ள மாத்துவான், விசைக்குள்ள சொரசொரப்பு இருந்தா தேச்சு வழவழன்னு ஆக்குவான். சட்டை தைக்கறவன் அளவெடுக்கற மாதிரி, வந்தவன் கைய அட்டை மேல விரிக்கச் சொல்லி, பென்சிலால சுத்தி வரைஞ்சு, வெட்டி ஆணியில மாட்டிருவான். செவுரு பூராத் தொங்கறது அட்டைக் கையிதான். பழைய ஆளு திரும்ப வந்தாலும் புதுசா வரைவான். “கை மாறும்யா, வயிறு மாறல?”ம்பான்.

ஓலீட்டாவக் கட்டிக்கிட்டதே அந்த அட்டையாலதான். அப்பன் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு, பிடி தடிமனா இருக்குன்னு வந்த பொண்ணு அவ. விரலுக்கு நடுவுல பென்சில் போனப்ப கூச்சத்துல கெக்கெக்கென்னு சிரிச்சா. பய அன்னைக்கே விழுந்துட்டான். அன்னையிலருந்து சனிக்கிழமைன்னா ரெண்டு பேரும் பழைய வண்டியில ஏறி, மலையடிவாரத்துச் சுடற மைதானத்துக்குப் போயிருவாங்க. பந்த உருட்டிக் கட்டையச் சாய்க்கற பௌலிங் கூடத்துல கழிச்சுப் போட்ட கட்டைங்கள மேசை மேல வரிசையா நிறுத்தியிருப்பாங்க. யாரு சீக்கிரம் சுட்டு உருட்டறாங்களோ அவங்களுக்குப் புகை போட்ட பன்னித் தொடை பரிசு. பிள்ளையில்லாத வீடு. ஞாயித்துக்கிழமையிலருந்து வெள்ளி வரைக்கும் அவங்க பேசற பேச்சே அந்தச் சனிக்கிழமையப் பத்தித்தான்.

அவ துப்பாக்கிய வித்துட்டா? அவன் மட்டும் அந்த வண்டியில போகணும். இல்ல, போகாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாக்காலியில செவுத்தப் பாத்து உக்காந்திருக்கணும்.

மன்னிச்சுக்கோன்னு ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சுது. அந்தச் சொல்லு அவன் வாயில வராது. ஆம்பளைங்கள்ல பாதிப்பேரு அந்த வகைதான். கையாலதான் பேசுவாங்க. போய்ப் பட்டறையில உக்காந்துட்டான்.

ஆணியிலருந்து அவ அட்டையை எடுத்தான். வச்சிருந்த வால்நட் மரக்கட்டையிலேயே நல்ல கோடு ஓடுன துண்டாப் பாத்து எடுத்துச் செதுக்கினான். விசையை அவன் அளவுக்குக் கீழ எளக்காம, உள்ள உரசற எடமெல்லாம் தேச்சுத் தேச்சு வெண்ணெய் மாதிரி ஆக்கினான். நுனியில இருந்த கறுப்பு முள்ளக் கழட்டிப் போட்டுட்டு, டவுன்லருந்து புதுசு வாங்கி மாட்டினான். வெளிச்சம் பட்டா பச்சையா மின்னற சாதி, எக்கச்சக்க விலை.

ஓலீட்டா வேளாவேளைக்குத் தட்டு வச்சா. அவரையும் சோள ரொட்டியும். வச்சுட்டு அடுப்படிக்குப் போயிருவா.

வியாழக்கிழமை அவ முன்னாடி கொண்டு வந்து வச்சான், திறந்தபடியே, பிடி அவ பக்கமா. அவ எடுத்து மூடி, சன்னல் வழியா மலையக் குறி பாத்து விசைய அழுத்திப் பாத்தா. விரலு அத இறுக்கிப் பிடிக்கல, கைக்குள்ள லொடலொடன்னு ஆடுது. கட்டைவிரல் போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் பாதி வழியிலேயே நின்னுருச்சு.

“இது எவளுக்குய்யா செஞ்சே?”

“உனக்குத்தான்.”

“என் கையா இது? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“உன் அட்டைய வச்சுத்தானடி...”

சொல்லிக்கிட்டிருக்கறப்பவே அவனுக்கு உறைச்சுது. ஊரு கையெல்லாம் வருசா வருசம் வரைஞ்சவன், வீட்டுக்குள்ள இருக்கற கைய அந்த மொத நாளுக்கப்புறம் வரையவே இல்ல. கூச்சப்பட்டுச் சிரிச்சாளே, அந்தக் கொமரிப் பொண்ணு கைக்குச் செதுக்கி வச்சிருக்கான் முட்டாப்பய.

“குடு”ன்னான், மெதுவா.

“என்னத்த?”

“கைய.”

அட்டை வேணாம்னுட்டான். களிமண்ணு உருண்டை எடுத்துப் பிசைஞ்சு, அவ உள்ளங்கையில வச்சு, அவ விரல் ஒவ்வொண்ணையும் தன் கையால மடக்கினான். மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கு, வேர்முடிச்சு மாதிரி. சுண்டுவிரல் ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு. கல்யாண மோதிரம் இருந்த எடத்துல வெறும் தழும்புதான்.

“மோதிரம் எங்கடி?”

அவ சட்டைக் கழுத்துக்குள்ளருந்து ஒரு கயித்த இழுத்துக் காட்டினா. அதுல தொங்குது.

“எப்பக் கழட்டினே?”

“பனிக்காலத்துல. வீக்கம் தாங்கல, சோப்புப் போட்டு உருவினேன்.”

“சொல்லவே இல்லையே?”

“நீ பாப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

செத்துப்போனவங்க கையைத்தான் நெனைச்சு நெனைச்சுப் பாத்துக்கணும், வேற வழியில்ல. எதுத்தாப்புல உசுரோட உக்காந்திருக்கறவ கையப் பாக்கறதுக்கு என்ன கேடு? டெல்மர் அந்தக் களிமண்ண அவ்வளவு சீக்கிரம் எடுக்கல. காயட்டும்னான். அந்தக் களிமண்ணு என்னைக்குக் காஞ்சுது இவன் கைக்குள்ள வச்சிருக்கறப்ப? அவளும் இழுத்துக்கல.

“வலிக்குதா?”

“காலையில வலிக்கும். இப்ப இல்ல.” அப்புறம் அவளே சொன்னா: “விசை நல்லா இருக்குய்யா. வலிக்காமப் போகுது. ஆனா அந்தப் பச்சை முள்ளு எனக்கு ஆகாது. பின்னாடி மலையும் பச்சை, இதுவும் பச்சை. எங்க இருக்குன்னே தெரியல.”

“அப்ப என்னதான்டி தெரியுது உன் கண்ணுக்கு?”

“வில்டா நகந்தான்! அன்னைக்குக் கண்ணாடி போடாமலே கண்ணக் குத்துச்சு, சனியன்.”

அவ கோவத்துலதான் சொன்னா. இவன் அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டான்.

மறுநாள் காலையில டவுனுக்குப் போய், எல்லாம் மலிவா விக்கற கடையில, நகச்சாயம் அடுக்கியிருக்கற பக்கம் தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நின்னான். பொம்பளைங்க உள்ளாடைப் பக்கம் தப்பா நுழைஞ்சுட்டவன் மாதிரி முழிச்சான். கல்லாவுல இருந்த பொண்ணு விடுவாளா?

“என்ன பெரிசு, உங்களுக்கா?”

“பொண்டாட்டிக்கும்மா.”

“கை நகத்துக்கா, கால் நகத்துக்கா?”

“துப்பாக்கிக்கு”ன்னு ஒரு ஆரஞ்சுப் புட்டியக் காட்டினான்.

“அத முதல்லயே சொல்லக்கூடாதா? ஆரஞ்சு மட்டும் அடிச்சா மங்கிப் போயிரும். அடியில வெள்ளை ஒரு பூச்சு பூசிக்கோங்க. எங்கப்பா அவரு துப்பாக்கிக்கு அப்படித்தான் பூசுவாரு.”

ரெண்டு புட்டியும் வாங்கிட்டு வந்து, பச்சை முள்ளக் கழட்டிட்டு, பழைய கறுப்பு முள்ளையே மாட்டினான். வெள்ளை பூசி, காஞ்சதும் மேல ஆரஞ்சு பூசினான். களிமண்ணு அச்ச வச்சுப் புதுப்பிடியும் செதுக்கி முடிச்சான். பாக்கறதுக்கு அசிங்கம். ஒரு பக்கம் புடைப்பு, ஒரு பக்கம் குழி. அவ கைக்குள்ள போனதும் பெத்த புள்ள மாதிரி உக்காந்துக்கிச்சு.

சனிக்கிழமை ரெண்டு பேருமாத்தான் வண்டியில போனாங்க. மைதானத்துல வரிசைக்குக் காத்திருக்கறப்ப, “மிச்சச் சாயம் வீணாப் போகுதே”ன்னு சொல்லி, அவ சுடற விரல் நகத்துக்கு ஒரு பூச்சு பூசிவிட்டான். தோலெல்லாம் அப்பிருச்சு.

“பட்டறைக்காரன் வேலையா இது? கோழி மிதிச்ச மாதிரி இருக்கு”ன்னா ஓலீட்டா. அழிக்கல.

போய் நின்னா. தூக்கினா. வரிசையா நின்ன கட்டை ஒண்ணுவிடாம உருண்டுச்சு. வேகம் பத்தல, பன்னித் தொடை வில்டாவுக்குத்தான் போச்சு. ஜெயிச்ச தெம்புல வில்டா காசு குடுக்கக் கைப்பையத் திறந்துக்கிட்டு வந்தா.

“எங்கடி, குடு.”

“இந்தப் பிடி உன் கைக்குச் சேராது. விக்கறதா இல்ல.”

“வாக்குக் குடுத்தியேடி!”

“கை கோளாறானவ குடுத்த வாக்கு, அதுவும் கோளாறாத்தான் இருக்கும். போடி, போய்ப் பன்னித் தொடையத் தின்னு.”

வில்டாவுக்கே சிரிப்பு வந்துருச்சு. டெல்மர் அங்க நின்ன வேலிக் கம்பத்தப் பாத்துக்கிட்டு, “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது”ன்னான். எத்தன வருசத்துல மொத தடவை! ஓலீட்டா கேட்டும் கேக்காத மாதிரி துப்பாக்கியத் தொடைச்சா. அப்புறம் அந்த ஆரஞ்சு நுனிய வெயிலுக்குக் காட்டிக் கேட்டா:

“இதுக்கு எவ்வளவுய்யா குடுத்தே?”

“வெள்ளையும் சேத்து ரெண்டு புட்டி. ரெண்டரை டாலர். அந்தப் பச்சை முள்ளு விலைய மட்டும் கேக்காதடி.”